கணினித் திரையில் ஒட்டியது மூளையில் ஒட்டுமா?

அறிவியல் பக்கம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் மறதி நோய் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்குத் தபாலும் மின்னஞ்சலுமாக வந்து குவிந்துவிட்டன. ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. சந்திர கிரகணம் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சில ஆண்டுகளாக அல்சைமர். அண்ணன் மகன் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறான். "அமிலாய்டு பெப்டைடு மூளையின் ஏற்பியில் எப்படி ஒட்டுகிறது என்று கணினியில் பார்க்கிறோம் அத்தை" என்கிறான். மேலே கேட்டால் வண்ண வண்ண ரிப்பன் படம் அனுப்புகிறான். அது என்ன? அதனால் பாட்டிக்கு ஏதாவது பலன் உண்டா?
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. அந்தப் படத்தால் அம்மாவுக்கு இப்போதைக்குப் பலன் எதுவும் இல்லை. உங்கள் மருமகனைக் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார், கொஞ்சம் தயங்கிவிட்டு.

ரிப்பன் படத்தில் இரண்டு பொருள்கள் இருக்கும். சின்னது அமிலாய்டு பீட்டா. நரம்பணுவின் சவ்வைக் குத்திக்கொண்டு ஏபிபி என்ற நீளமான புரதம் நிற்கிறது. அதை இரண்டு நொதிகள் இரண்டு இடங்களில் வெட்டும்போது விழும் துண்டு இது. இப்படிப்பட்ட குட்டிப் புரதத் துண்டுக்குத்தான் பெப்டைடு என்று பெயர். பெரும்பாலும் 40 அமினோ அமில நீளத்தில் விழும். சில சமயம் 42. இந்த 42தான் வம்பு, ஒன்றோடொன்று சட்டென்று ஒட்டித் திரண்டுவிடும். 1906இல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர், ஆகஸ்டே டேட்டர் என்ற பெண்மணி இறந்த பிறகு அவர் மூளையில் சில படிவுகளைக் கண்டார். அந்தப் படிவின் சரக்கு இந்தத் துண்டுதான் என்று பிரித்தெடுத்துக் காட்ட 1980கள் வரை ஆயிற்று.

பெரியது ஏற்பி, அதாவது நரம்பணுவின் சவ்வில் நின்று வெளியிலிருந்து வரும் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் புரதம். இதில் எந்த ஏற்பி என்பதே பெரிய வழக்கு. பிரியான் புரதம் என்று யேல் பல்கலைக்கழகக் குழு 2009இல் சொன்னது. வேறு சில குழுக்கள் அடுத்த ஆண்டே மறுத்தன. பல ஆண்டுகளாகப் பேசப்படும் இன்னொன்று ஆல்ஃபா-7 நிக்கோட்டினிக் ஏற்பி. ஒரே மாதிரியான ஐந்து புரதங்கள் வட்டம் கட்டி நிற்க, நடுவே ஒரு துளை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு புரதங்களுக்கு இடையிலுள்ள பொந்தில், நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து உட்கார்ந்தால் துளை திறந்து கால்சியம் உள்ளே பாயும். கற்பதற்கும் நினைவுக்கும் வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று. அமிலாய்டு பீட்டா 42 இந்த ஏற்பியை மிக இறுக்கமாகப் பிடிக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. எங்கே பிடிக்கிறது, எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு பிடிக்கிறது என்று கணினியில் பொருத்திப் பார்த்துத் தேடும் வேலை அதிலிருந்து சூடு பிடித்தது. அதற்குத்தான் டாக்கிங் என்று பெயர். பிடிக்கும் இடம் தெரிந்தால் நடுவில் ஒரு மருந்தைச் செருகலாம் அல்லவா, அந்த ஆசைதான்.

அம்மா சாப்பிடும் மாத்திரை டோனெபெசிலாக இருந்தால், அதுவும் இதே அசிட்டைல்கோலின் விவகாரம்தான். அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது தடுக்கிறது, அதனால் இருக்கிற கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. நோயை நிறுத்தாது. ஆனாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லெக்கனெமாப் என்ற ஊசி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 18 மாதச் சோதனையில் சரிவு 27 சதவீதம் மெதுவானது என்று செய்தி வந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி வித்தியாசம். அதுவும் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு. மூளை வீக்கம், ரத்தக் கசிவு என்ற ஆபத்துகளும் உண்டு. உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியே அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். "மறந்துவிட்டாள்" என்று வீட்டில் சொல்வதில் பாதி, சொன்னதே காதில் விழாததாக இருக்கும். பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்த்தகவலியல் படிக்கிறேன். அமிலாய்டு பீட்டா 42ஐ ஆல்ஃபா-7 ஏற்பியுடன் டாக்கிங் செய்தேன். பிணைப்பு ஆற்றல் −9.8 கிலோகலோரி வந்தது. "நன்றாக வந்திருக்கிறது, கட்டுரையாக அனுப்பிவிடலாம்" என்கிறார் வழிகாட்டி. அனுப்பலாமா?
– திருச்சியிலிருந்து ஒரு மாணவி

வேண்டாம். காரணம் நீளம், உட்கார்ந்து படியுங்கள்.

முதலில், பெப்டைடின் உருவத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? இரண்டு சுருள்களும் நடுவில் ஒரு மடிப்புமாக அழகாக இருந்ததா? அப்படியானால் அது 2002இல் வெளியான உருவமாக இருக்கும். பலரும் அதைத்தான் இறக்குகிறார்கள். அதை அளந்தது ஃபுளோரின் கலந்த ஆல்கஹால் கரைசலில். சவ்வுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சூழலுக்குப் பதிலாக அதை வைத்துப் பார்த்தார்கள், தப்பில்லை. ஆனால் ஏற்பியின் பொந்து சவ்வுக்கு வெளியே, தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரில் இந்தப் பெப்டைடு எந்த உருவத்திலும் நிற்காது. எமில் ஃபிஷர் 1894இல் சொன்ன பூட்டு சாவி கதையை நாம் எல்லோரும் பாடத்தில் படித்தோம். இங்கே சாவிக்குப் பதில் கையில் இருப்பது நனைந்த நூல். நூல் விறைத்து நின்ற ஒரு கணத்தைப் படம் பிடித்து, அதைப் பூட்டுக்குள் நுழைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

நூலாகவே விட்டிருக்கலாமே என்றால், மென்பொருள் விடாது. அசிட்டைல்கோலினில் 26 அணுக்கள். அமிலாய்டு பீட்டா 42இல் சுமார் 630. ஆட்டோடாக் என்ற டாக்கிங் மென்பொருள் வழக்கமாக அனுமதிக்கும் சுழலும் பிணைப்புகள் 32 வரைதான். உங்கள் பெப்டைடில் நூற்றைத் தாண்டும். மிச்சத்தையெல்லாம் விறைப்பாக்கித்தான் கணக்கு ஓடியிருக்கும், நீங்கள் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும். 2004இல் எஸ்பினோசா-ஃபொன்செகா இதே ஜோடியை டாக்கிங் செய்தபோது பெப்டைடை நான்கு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். 12 முதல் 28 வரையிலான துண்டைச் சேர்த்தால் முழுப் பெப்டைடு ஏற்பியைப் பிடிப்பது தடைபடுகிறது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வே சொல்லியிருந்தது. அதனால் துண்டு போடுவதில் நியாயம் இருந்தது.

அடுத்து ஏற்பி. 2004இல் ஆல்ஃபா-7இன் உருவம் யாரிடமும் இல்லை. இருந்தது ஒரு குளத்து நத்தையின் புரதம். அந்த நத்தையின் மூளையில் அசிட்டைல்கோலினைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் மிதக்கிறது. டிட்டியா சிக்ஸ்மாவின் குழு 2001இல் அதன் படிக உருவத்தை வெளியிட்டது. ஐந்து சேர்ந்த வட்டம், பக்கத்தில் பொந்து, எல்லாம் நம் ஏற்பியின் வெளிப்பகுதி போலவே. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை என்னவோ கால்வாசிதான். அந்த நத்தையை அச்சாக வைத்து மனித ஏற்பியை வார்த்தார்கள். பல ஆண்டுகள் உலகமே அப்படித்தான் செய்தது. இன்று அந்த அவசியம் இல்லை. 2021இல் ஆல்ஃபா-7இன் உருவமே கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வந்துவிட்டது, அதுவும் மூடிய நிலை, திறந்த நிலை என்று தனித்தனியாக. அவற்றில் ஒன்றில் பொந்தை அடைத்துக்கொண்டு கட்டுவிரியன் இனப் பாம்பின் நச்சு உட்கார்ந்திருக்கிறது. எதை எடுத்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பழைய நத்தை மாதிரி என்றால், ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டாவது பார்த்தீர்களா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று இரண்டு கோணங்களில் சொல்லிவிட்டார்கள். எங்கள் காலத்தில் கிராஃப் தாளில் புள்ளி வைப்போம். உங்களுக்கு ஒரு பொத்தான்.

அப்புறம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். பெப்டைடில் 6, 13, 14 ஆகிய இடங்களில் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஹைட்ரஜனை இந்த நைட்ரஜனில் வைப்பதா, அந்த நைட்ரஜனில் வைப்பதா, இரண்டிலும் வைத்து நேர்மின்சுமை கொடுப்பதா என்று மூன்று வழி. மென்பொருள் கேட்காமலே ஒன்றைப் போட்டுவிடும். பொந்துக்குள் ஒரு டிரிப்டோஃபேனும் சில டைரோசின்களும் சுவர் கட்டி நிற்கின்றன. நேர்மின்சுமை வந்தால் அணைத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை, அசிட்டைல்கோலினையே அப்படித்தான் பிடிக்கின்றன. ஆகவே ஹிஸ்டிடினில் ஒரு ஹைட்ரஜன் கூடக்குறைய இருந்தால் பெப்டைடு தலைகீழாகக்கூட உட்கார்ந்துவிடும்.

இப்போது அந்த −9.8. மென்பொருள் போட்ட மதிப்பெண் அது; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கமான பிடி என்று கணக்கு. அறை வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றால் பிடிமானத்தில் பத்து மடங்கு வித்தியாசம். இந்த மென்பொருள்களின் மதிப்பெண்ணில் வழக்கமான பிழையே இரண்டு, மூன்று கிலோகலோரி. அதாவது நூறு மடங்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. அதுவும் சின்ன மருந்து மூலக்கூறுகளுக்குச் சொன்ன பிழை. பெப்டைடுக்கு இன்னும் மோசம். மூலக்கூறு பெரிதாக ஆக மதிப்பெண் தானாகவே ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வுகளுக்கு வெளித்தேர்வாளராகப் போகும்போது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதே பெட்டிக்குள் பாரசிட்டமால் போட்டுப் பார்த்தீர்களா?" பெட்டி என்றால் மென்பொருள் தேட வேண்டிய இடத்துக்குப் போடும் எல்லை. அறை அமைதியாகிவிடும். வழிகாட்டிகள் என்னைப் பார்த்து முறைப்பார்கள். போடக்கூடாத ஒன்றைப் போட்டு அதற்கும் நல்ல மதிப்பெண் வந்தால், உங்கள் மருந்துக்கு வந்த மதிப்பெண்ணுக்கு என்ன மரியாதை? உங்கள் விஷயத்தில் வழி சுலபம். ஆய்வகங்களில் இதே பெப்டைடைப் பின்னிருந்து முன்னாக, 42இலிருந்து 1 வரை கோத்து ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். அமினோ அமிலங்கள் அதேதான், வரிசை மட்டும் தலைகீழ். அதையும் டாக்கிங் செய்யுங்கள். அதற்கும் −9.5 வந்தால் வழிகாட்டியிடம் காட்டுங்கள். அதற்கு முன், பொந்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மூலக்கூறை வெளியே எடுத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) வந்து உட்கார வேண்டும். வராவிட்டால் பெட்டியே சரியில்லை.

நல்ல முன்மாதிரி வேண்டுமானால் கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏவின் டேவிட் ஐசன்பெர்க், லின் ஜியாங் குழு 2018இல் செய்ததைப் படியுங்கள். அது லில்ஆர்பி2 என்ற வேறொரு ஏற்பி. பெப்டைடின் எந்த ஆறு அமினோ அமிலங்கள் பிடிக்கின்றன என்று முதலில் ஆய்வகத்தில் கண்டார்கள், 16 முதல் 21 வரை. அதில் இரண்டு ஃபினைல்அலனின் அடுத்தடுத்து உண்டு. ஃபினைல்அலனினைப் போன்ற சின்ன மூலக்கூறுகளோடு ஏற்பியைப் படிகமாக்கினார்கள். இரண்டு குழிகள் தெரிந்தன. குழியின் அமினோ அமிலங்களை மாற்றி, பிடிமானம் குறைகிறதா என்று சோதித்தார்கள். டாக்கிங் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை வைத்துத் தடுப்பான்களைத் தேர்ந்து, அவை செல்களில் நச்சுத்தன்மையைக் குறைப்பதையும் காட்டினார்கள். கணினிக்கு அங்கே கொடுத்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் வேலையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. துண்டு துண்டாக்கி, 2021 உருவத்தில், ஒப்பீட்டோடு திரும்பச் செய்து, "டிரிப்டோஃபேனை மாற்றினால் பிடிமானம் குறைய வேண்டும்" என்று ஒரு கணிப்போடு முடித்தால் நானே படிப்பேன்.

கேள்வி: புரதத்தின் உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். இனிமேல் இந்த டாக்கிங், சிமுலேஷன் எல்லாம் எதற்கு?
– கோவை வாசகர் ஒருவர்

2024 வேதியியல் நோபலில் பாதி டேவிட் பேக்கருக்கு, மீதிப் பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். தகுதியான பரிசு, சந்தேகமில்லை. ஆனால் ஒழுங்காக மடிந்து நிற்கும் புரதத்துக்குத்தான் அது கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லும். நிலையான உருவமே இல்லாத அமிலாய்டு பீட்டாவைக் கொடுத்தாலும் ஓர் உருவத்தை வரைந்து தரத்தான் செய்யும். நமக்கு வேண்டியதோ ஒரு கூட்டத்தின் நடமாட்டம்: எந்த வளைவில் எவ்வளவு நேரம், ஏற்பி அருகே வந்ததும் எப்படி மாறுகிறது. அதற்குக் கணினியில் அணுக்களை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் சொன்ன சிமுலேஷன் அதுதான்.

ஓடவிடுவதும் லேசு இல்லை. 1977இல் மெக்கேமன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் 58 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தை முதன்முதலில் ஓடவிட்டபோது கிடைத்தது பத்து பிகோவிநாடிக்கும் குறைவு, தண்ணீர் இல்லாமல். பிகோவிநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இன்று ஏற்பி, சவ்வு, தண்ணீர், உப்பு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று லட்சம் அணுக்களை வைக்கிறோம். கணக்கு எடுத்துவைக்கும் ஒரு காலடிக்கு 2 ஃபெம்டோவிநாடி, பிகோவிநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஒரு மைக்ரோவிநாடி பார்க்க 50 கோடி அடிகள். சோதனைக்குழாயில் இந்தப் பெப்டைடு திரள்வதற்கோ மணிக்கணக்காகும். இடையில் இருக்கும் பள்ளத்தை யாரும் இன்னும் தாண்டவில்லை.

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் இதையெல்லாம் செய்து பார்க்க முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

டாக்கிங் முடியும் சார். ஆட்டோடாக் வினா இலவசம், காபி ஆறுவதற்குள் விடை வந்துவிடும். லட்சக்கணக்கான அணுக்களை ஓடவிடும் வேலைக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும், கரண்ட் பில்லும் தாங்க வேண்டும்.

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் அமிலாய்டோடு ஒட்டி அதைத் தடுக்கிறது என்று கணினி ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாம். வாட்ஸாப்பில் வந்தது. தினமும் மஞ்சள் பால் கொடுக்கலாமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பாலில் ஒரு சிட்டிகை போட்டுத் தாராளமாகக் கொடுங்கள், தூக்கம் வந்தால் லாபம். நிரூபணம் என்று மட்டும் சொல்லாதீர்கள். குர்குமினை எந்தப் புரதத்தோடு டாக்கிங் செய்தாலும் கௌரவமான மதிப்பெண் வரும். தட்டையாக, நீளமாக, இரண்டு முனையிலும் வளையத்தோடு இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆய்வகச் சோதனைகளிலும் இது பல புரதங்களோடு ஒட்டி, உண்மையில் வேலை செய்யாமலே செய்வது போலக் காட்டும் என்று 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவதும் சொற்பம். ஹாங்காங்கில் 34 நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மறதியில் முன்னேற்றம் தெரியவில்லை. சின்னச் சோதனைதான், ஆனாலும் வாட்ஸாப்பைவிட மேல். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால் குர்குமின் மாத்திரை பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

கேள்வி: அல்சைமர் ஆராய்ச்சியே மோசடி, 2006 கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்கிறார்களே?
– சென்னை வாசகர்

திரும்பப் பெற்றது உண்மை, 2024இல். எலியின் மூளையிலிருந்து எடுத்த, 56 என்ற எண்ணோடு பெயரிட்ட ஓர் அமிலாய்டுத் திரள்தான் மறதிக்குக் காரணம் என்று சொன்ன கட்டுரை அது. படங்கள் திருத்தப்பட்டிருப்பதை 2022இல் சயன்ஸ் இதழ் அம்பலப்படுத்தியது. கோபம் வர வேண்டிய விஷயம்தான். அதே நேரம், அமிலாய்டு வழக்கு அந்த ஒரு சாட்சியை நம்பி நிற்கவில்லை. ஏபிபி மரபணுவில் சில பிறழ்வுகள் உள்ள குடும்பங்களில் நாற்பது, ஐம்பது வயதிலேயே நோய் வருகிறது. அந்த மரபணு இருப்பது 21ஆவது குரோமோசோமில். அந்தக் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கும் சீக்கிரம் வருகிறது. இதை எந்தப் படத்திருத்தமும் அழிக்காது.

என் வருத்தம் வேறு. ஆல்ஃபா-7 விஷயத்தில் யாரும் மோசடி செய்யாமலே முடிவுகள் முட்டிக்கொண்டன. ஒரு ஆய்வகத்தில் பெப்டைடு ஏற்பியை அடைத்தது, இன்னொன்றில் திறந்தது. செறிவு மாறினால் மாறுகிறது, பெப்டைடு தனியாக இருக்கிறதா திரண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. புட்டியில் எது இருந்தது என்று தெளிவாகச் சொல்லாத கட்டுரைகளை வைத்து நாங்கள் கணினியில் மாதிரி கட்டினோம். ஆல்ஃபா-7ஐத் தூண்டும் என்செனிக்ளின் என்ற மருந்து பெரிய சோதனை வரை போய், 2015இல் குடல் பக்கவிளைவால் நின்றுபோனது.

கேள்வி: எலிக்கு அல்சைமர் வருமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

தானாக வராது தம்பி. எலிக்கும் அமிலாய்டு பீட்டா உண்டு, 42 அமினோ அமிலமும் உண்டு. மூன்று இடங்களில் மட்டும் நம்மிடமிருந்து மாறுகிறது. 5ஆவது இடத்தில் நமக்கு ஆர்ஜினின், எலிக்கு கிளைசின். 10இல் நமக்கு டைரோசின், எலிக்கு ஃபினைல்அலனின். 13இல் நமக்கு ஹிஸ்டிடின், எலிக்கு ஆர்ஜினின். அந்தப் பெப்டைடு நம்முடையதைப் போல எளிதாகத் திரளாது, எலி மூளையில் படிவும் கட்டாது. அதனால் 1990களின் நடுவிலிருந்து மனித மரபணுவை எலிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். அந்த எலிகளுக்குப் படிவு வருகிறது, வழி மறக்கிறது. ஆனால் மனித மூளை போல நரம்பணுக்கள் பெருமளவில் சாவதில்லை. எலியில் வேலை செய்த மருந்து நம்மிடம் தோற்றுப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.